மதுரையைப் பழம்பாடல்களின் வழியே நடந்து காண்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையைப் பாடிய பழம்பாடல்கள் பெரும்பாலும் நடந்துகொண்டே பாடுகின்றன. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, 782 அடிகளில், பகற்கடைகள் இரைச்சலிடும் நாளங்காடியிலிருந்து மாலையின் அல்லங்காடிக்கும், அங்கிருந்து இரவின் ஒவ்வொரு யாமத்துக்கும், இறுதியில் விடியலுக்கும் நம்மைக் கூட்டிச் செல்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் தனியாக நகருக்குள் புகுந்து, தெருத்தெருவாகப் பார்த்துவிட்டு மதிலுக்கு வெளியே திரும்புகிறான். பரிபாடலில் ஊரே திரண்டு வையைக்கும் (இன்றைய வைகை) திருப்பரங்குன்றத்துக்கும் போகிறது. ஆகவே மதுரையின் கவிதை மரபைக் காண விரும்புகிறவர்கள் கட்டடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நடப்பதைக் காட்டிலும், இந்தப் பாடல்கள் எந்தப் பொழுதில், எந்தத் திசையில் நகர்கின்றனவோ அதே பொழுதில், அதே திசையில் நடப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் ஏற்பாடு முழுவதும் அந்தக் கருத்தின்மேல் அமைந்தது. இதற்கு ஒரு முழு நாளும், மறுநாள் காலையும் வேண்டும்.

எந்த மதுரையில் நடக்கிறோம் என்பதைத் தெளிந்துகொள்ளுங்கள்

நடை தொடங்கும் முன்பே குழுவினர் அனைவரும் ஒன்றைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நாம் நடக்கும் தெருக்கள் சங்க காலத்துத் தெருக்கள் என்று எவராலும் நிறுவ முடியாது. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் இன்று நாம் காணும் கட்டுமானங்களிற் பெரும்பகுதி பிற்காலப் பாண்டியர் காலத்தையும் நாயக்கர் காலத்தையும் சேர்ந்தது. கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி ஆகியவற்றின் ஒழுங்கும் நாயக்கர் காலத்தில் உருப்பெற்றதாகவே கருதப்படுகிறது. நகரைச் சூழ்ந்திருந்த கோட்டைமதில் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அந்த இடத்தில் வெளி வீதிகள் எழுந்தன. அந்தப் பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவர் பெயரையும் இன்றும் அங்குள்ள வீதிகள் சுமக்கின்றன. மேல வெளி வீதியில், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே, கோட்டை வாசலின் ஒரு பகுதி மட்டும் எஞ்சி நிற்கிறது.

இதைத் தெரிந்துகொள்வதால் நடையின் இன்பம் குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. ஆறு அதே ஆறு. குன்றம் அதே குன்றம். வணிகம், திருவிழா, இரவுக்கடை ஆகியவற்றின் போக்கில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. "இதே இடத்தில்தான்" என்று அடித்துச் சொல்வதை விட்டுவிட்டு, "இந்தப் பொழுதில், இந்தத் திசையில்" என்று சொல்லப் பழகினால், பாடலுக்கும் வரலாற்றுக்கும் ஒருசேர நேர்மையாக இருக்கலாம்.

படிக்க வேண்டியவை, கையில் எடுத்துச்செல்ல வேண்டியவை

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று குழுவினரிடம் சொன்னால் பாதிப்பேர் வரமாட்டார்கள். மூன்று பகுதிகள் போதும்: சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் புறஞ்சேரி இறுத்த காதையும் ஊர்காண் காதையும், மதுரைக்காஞ்சியில் நாளங்காடி தொடங்கி விடியல் வரை வரும் பகுதி, பரிபாடலில் பத்தொன்பதாம் பாடலும், சிதறிக் கிடைத்த பரிபாடற் பகுதிகளின் தொகுப்பாகிய பரிபாடல் திரட்டில் நகரைத் தாமரையாகக் காட்டும் சிறு பாடலும். மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் புத்தகம் விரும்புகிறவர்களுக்கு உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளை முதலில் பரிந்துரைப்பேன். மதுரைக்காஞ்சி அடங்கிய பத்துப்பாட்டை 1889-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், பரிபாடலை 1918-இலும் அவர் வெளியிட்டார். பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரையும், ஊர்காண் காதைக்கு அடியார்க்குநல்லார் உரையும், பரிபாடலுக்குப் பரிமேலழகர் உரையும் உடன் இருக்கின்றன. அடியார்க்குநல்லார் ஒவ்வொரு தெருவிலும் நின்று நிதானித்து விளக்குகிறவர். நடைக்கு அவரைப்போல் துணை வேறில்லை.

நடைக்கென்று ஒரு பாட்டுத்தாளை நீங்களே தயாரித்து அச்சிட்டுக்கொள்ள வேண்டும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுசெல்ல அனுமதியில்லை. அதனால் கைபேசியில் பாடலைச் சேமித்து வருகிறவர்கள் கோயிலுக்குள் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். தாளில் ஒவ்வொரு பகுதியும் எட்டுப் பத்து அடிகளுக்கு மிகாமல் இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். இடப்பக்கம் சீர் பிரித்த மூலமும், வலப்பக்கம் சந்தி பிரித்த வடிவமும் தருவது நல்லது. ஓசைக்கு ஒன்று, பொருளுக்கு மற்றொன்று. எடுத்துக்காட்டாக மதுரைக்காஞ்சியின் புகழ்பெற்ற ஓர் அடியை இப்படி இரண்டாக அச்சிடலாம்:

யாறுகிடந் தன்ன வகனெடுந் தெருவில்
யாறு கிடந்து அன்ன அகல் நெடுந் தெருவில்

முதல் வடிவத்தை உரக்கப் படித்தால் நான்கு சீர்களும் நான்கு அடிவைப்புகளாகக் காதில் விழும். இரண்டாம் வடிவத்தில், ஓர் ஆறு நீண்டு கிடந்தாற்போன்ற அகன்ற நெடுந்தெரு என்ற பொருள் தெளிவாகும். இந்த அடி அமைந்துள்ள பா வகையாகிய ஆசிரியப்பாவை நடந்துகொண்டே படிப்பது கடினமன்று; பழகிவிட்டால் கால்களே தாளம் கொடுக்கத் தொடங்கும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

கோயில் வாசலில் சுற்றுலாத் துறையின் அடையாள அட்டையோடு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் கிடைப்பார்கள். சிற்பங்களையும் கட்டடங்களையும் அவர்கள் நன்றாகவே விளக்குவார்கள். ஆனால் பாட்டு நடைக்கு அந்தத் தகுதி மட்டும் போதாது. நகரக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளில் பணியாற்றுகிறவர்கள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள், மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கும் தொல்லியல் இடங்களுக்கும் மக்களை அழைத்துச் செல்லும் பசுமை நடை போன்ற குழுக்களோடு பழகியவர்கள் ஆகியோரிடையே தேடுவது நல்லது. முடிந்தால் இருவரை அமர்த்துங்கள்: பாடலுக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர். அந்தந்தக் கடைவீதியிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் தெருவைப் பற்றிச் சொல்லும்போது வரும் செய்திகள் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

அமர்த்துவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, ஒரு பாடலைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினாலும் குற்றமில்லை, ஆனால் பாடலைப் படிக்காமலேயே அதன் கருத்தை மட்டும் சொல்லத் தொடங்குகிறவர் இந்த நடைக்கு ஏற்றவரல்லர். இரண்டாவது, புலவர்களின் தகுதியறிந்து இடம் தந்ததாகக் கதைகள் சொல்லும் சங்கப் பலகையைப் பற்றிக் கேளுங்கள். புராணம் சொல்வது எது, பழைய உரை சொல்வது எது, கல்வெட்டும் அகழாய்வும் சொல்வது எது என்று பிரித்துச் சொல்கிறவரைத் தயங்காமல் அழைத்துக்கொள்ளலாம். கட்டணம், நேரம், இடைவேளை, கோயில் நுழைவு முறை ஆகியவற்றை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். குழு பன்னிரண்டு பேருக்கு மேல் போனால், கடைவீதி இரைச்சலில் பின்வரிசைக்குப் பாடல் கேட்காது.

காலம்

மார்கழி முதல் மாசி வரை நடப்பதற்கு உகந்த காலம். சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரை தன் முழு அழகோடு இருக்கும். ஆனால் பாடலை நின்று படிக்க இடமிருக்காது. ஆடித் தேய்பிறைக்கு மட்டும் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. மதுரை எரியுண்ட நாளாகச் சிலப்பதிகாரம் குறிப்பது "ஆடித் திங்கள் பேரிருட் பக்கத்து" அட்டமியும் வெள்ளிக்கிழமையும் கூடிய நாள். வெயிலைப் பொறுத்துக்கொள்ளக்கூடியவர்கள் அந்த வாரத்தில் வரலாம்.

விடியற்காலை: வடகரையிலிருந்து தென்கரைக்கு

கோரிப்பாளையம் பக்கத்தில், ஏ.வி. பாலத்தின் வடமுனையில், விடியற்காலை 5.30 மணிக்குக் கூடுங்கள். இந்தத் தொடக்கம் தற்செயலானதன்று. சமணத் துறவியான கவுந்தியடிகளோடு வரும் கோவலனும் கண்ணகியும் மரப்புணையில் வையையைக் கடந்து "தென்கரை எய்தி"யே மதுரையை அடைகிறார்கள். நாமும் வடக்கிலிருந்து தெற்காகவே கடக்க வேண்டும்.

பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்ததும் நின்று, ஆற்றைப் பார்த்தபடி புறஞ்சேரி இறுத்த காதையைப் படியுங்கள். கண்ணகிக்கு வரப்போவதை வையை முன்பே அறிந்தவள் போலத் தன் கண்ணீரை மறைத்து, நறுமலர் ஆடையைப் போர்த்திக்கொள்கிறாள் என்று இளங்கோவடிகள் பாடுகிறார்.

புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கிப்

பூக்கள் நீரை மூடியிருப்பதைக் காணும் அந்த இருவரும் "புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு" என்று வியந்து தொழுகிறார்கள். அவர்கள் கண்டு மகிழ்வது ஓர் அழுகையை என்பது படிப்பவர்களுக்கு மட்டுமே தெரிகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலும் புதருமாகக் கிடக்கும் இன்றைய ஆற்றின்மேல் நின்று இந்த அடிகளைப் படிக்கும்போது, அதைப் பற்றி வழிகாட்டி தனியாகப் புலம்ப வேண்டியதில்லை. வேண்டுமானால் பரிபாடலில் முழுமையாகக் கிடைத்திருக்கும் 22 பாடல்களில் எட்டு வையைக்கே உரியவை என்பதையும், அவற்றுள் புதுப்புனல் வரும் செய்தி கேட்டு ஊரார் ஓடிவரும் காட்சிகள் நிறைந்திருப்பதையும் ஒருவர் எடுத்துச் சொல்லலாம்.

தென்முனையை நெருங்கும்போது அடுத்த அடிகளுக்குப் போங்கள். மதிலின்மேல் பறக்கும் கொடிகள், வந்துகொண்டிருக்கும் இருவரையும் பார்த்து, "வாரல்" என்பன போல் மறித்துக் கை காட்டுகின்றன. மதில் இன்று இல்லை. ஆயினும் சிம்மக்கல்லை நோக்கி இறங்கும்போது அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே ஊருக்குள் நுழைவது இந்த நடையின் மிக வலிமையான தருணங்களுள் ஒன்று. சிம்மக்கல்லில் தேநீர் குடித்துவிட்டு, அங்குள்ள செல்லத்தம்மன் கோயிலை இப்போது கடந்து சென்றுவிடுங்கள். மாலையில் திரும்பி வருவோம்.

மாசி வீதியிலிருந்து உள்நோக்கி

வடக்கு மாசி வீதியை அடைந்ததும் பரிபாடல் திரட்டின் பாடலை எடுங்கள்.

மாயோன் கொப்பூழ் மலர்ந்த தாமரைப்
பூவொடு புரையும் சீரூர், பூவின்
இதழகத் தனைய தெருவம், இதழகத்து
அரும்பொகுட் டனைத்தே அண்ணல் கோயில்

ஊர் தாமரை, தெருக்கள் இதழ்கள், நடுவிலுள்ள பொகுட்டு (பூவின் நடுக்காய்) மன்னவன் கோயில், மக்கள் பூந்தாது, பரிசில் பெற வருகிறவர்கள் அந்தத் தாதை உண்ணும் வண்டுகள். வஞ்சியும் உறையூரும் கோழி கூவி எழுகின்றன, எங்கள் ஊரோ மறை ஓதும் குரல் கேட்டு எழுகிறது என்று பாடல் பெருமையோடு முடிகிறது. இதைக் காலை ஏழு மணிக்கு முன் படிப்பதன் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். இங்கே கோயில் என்ற சொல் அரண்மனையைக் குறிக்கிறது என்பதை வழிகாட்டி நினைவூட்ட வேண்டும். படித்து முடித்தபின் மாசி, ஆவணி மூலம், சித்திரை என்று வெளியிதழிலிருந்து உள்ளிதழுக்கு மெதுவாக நடந்து வாருங்கள். நகர அமைப்பு பிற்காலத்தது என்பதை அறிந்த பிறகும் பாடலும் தெருவும் இப்படிப் பொருந்துவது மனத்தை நிறைக்கிறது.

கோயிலுக்குள்

உடை ஒழுக்கத்தை முன்பே சொல்லிவிடுங்கள். காலணிகளையும் கைபேசிகளையும் வெளியே உள்ள காப்பிடங்களில் ஒப்படைக்க வேண்டும். மூலவர் சன்னதிகளுக்குள் இந்துக்கள் மட்டுமே அனுமதிக்கப்படுவர். மற்றவர்கள் பிராகாரங்களையும் பொற்றாமரைக் குளத்தையும் காணலாம் என்பதால் நம் வாசிப்பு எல்லோருக்கும் பொதுவான குளக்கரையிலேயே நடக்கட்டும். நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள்.

மதுரையின் கவிதை மரபு பற்றிய கதைகள் எல்லாம் வந்து கூடும் இடம் பொற்றாமரைக் குளம். புலவர்களுக்குத் தக இடம் தரும் சங்கப் பலகை, திருக்குறள் அரங்கேற்றம், நெற்றிக்கண்ணின் வெம்மை தாளாமல் நக்கீரர் குளத்தில் விழுந்தது ஆகிய கதைகள் அனைத்தும் இந்தப் படிக்கட்டுகளைச் சுற்றியே சொல்லப்படுகின்றன. திருக்குறட்பாக்கள் பொறித்த பளிங்குப் பலகைகள் குளத்தைச் சூழ்ந்த சுவரில் பதிக்கப்பட்டுள்ளன. இங்கே குறைந்தது ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

முதலில், குறுந்தொகையின் இரண்டாம் பாடலை எவ்வித முன்னுரையும் இல்லாமல் படிக்கச் செய்யுங்கள்.

கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ

என் மனத்துக்கு இனியதைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்று காதலன் ஒரு வண்டிடம் கேட்கிறான். நீ அறிந்த பூக்களுள் இவள் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா என்பது கேள்வி. ஐந்தே அடிகளில் முடியும் தூய காதற்பாட்டு இது. பாடியவர் பெயர் இறையனார் என்று குறுந்தொகை தருகிறது. இதைக் கேட்டு அனைவரும் சற்று அமைதியான பின்னரே, இறைவனே இப்பாடலை எழுதித் தந்தார் என்னும் தருமியின் கதைக்குப் போக வேண்டும். கதையை முதலில் சொல்லிவிட்டால் பாட்டு கதைக்குச் சான்றாகச் சுருங்கிப்போகும்.

கதையின் வளர்ச்சியையும் படிப்படியாகக் காட்டலாம். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் "நன்பாட்டுப் புலவனாய்ச் சங்கமேறி நற்கனகக் கிழி தருமிக்கு அருளினோன்" என்று பாடுவதிலிருந்து, அக்காலத்திலேயே இது மக்கள் அறிந்த கதையாக இருந்தது விளங்குகிறது. மூன்று சங்கங்களின் வரலாற்றை முதன்முதலில் விரித்துரைப்பது இறையனார் களவியல் உரை. கடைச்சங்கத்தில் வீற்றிருந்தவர்கள் 49 பேர் என்று அது கூறுகிறது. பின்னர் பரஞ்சோதி முனிவர் 64 திருவிளையாடல்களைப் பாடியபோது தருமியின் கதை இன்று நாம் அறிந்த வடிவத்தைப் பெற்றது. சுவாமி சன்னதிப் பிராகாரத்தில் அந்த 49 புலவர்களுக்கும் உருவங்கள் அமைத்து வழிபடுகிறார்கள். புலவர்களை இறைவனின் பிராகாரத்திலேயே அமர்த்தி விளக்கேற்றும் ஊர் மதுரை. அந்தச் சன்னதியைத் தவறவிடாதீர்கள்.

மீனாட்சி அம்மைக்குக் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழ், திருமலை நாயக்கர் முன்னிலையில் இக்கோயிலில் அரங்கேறியது என்பது மரபு. வருகைப் பருவத்தின் "தொடுக்கும் கடவுட் பழம்பாடல்" என்று தொடங்கும் பாடலை இசையோடு பாடக்கூடியவர் குழுவில் இருந்தால் கிளிக்கூட்டு மண்டபத்துக்கு அருகில் மெல்லப் பாடச் சொல்லலாம். சம்பந்தரின் "மந்திரமாவது நீறு" பதிகமும் மதுரைக்கு உரியதே. ஆனால் அதற்குரிய சமய வரலாற்றை அவசரமாகச் சொல்வதைவிட, அந்தப் பகுதியை வேறொரு நாளுக்கு ஒதுக்குவது நல்லது.

கோவலன் சென்ற வரிசையில் கடைவீதிகள்

சிற்றுண்டிக்குப் பின், பத்து மணியளவில் கடைகள் திறந்து வணிகம் சூடுபிடிக்கும் நேரத்தில் ஊர்காண் காதையைத் தொடருங்கள். கோவலன் நவமணி வீதியையும் பொற்கடை வீதியையும், அடுத்து அறுவை வீதி எனப்படும் துணிக்கடைத் தெருவையும், பின்னர் கூல வீதி எனப்படும் தானியக்கடைத் தெருவையும் காண்கிறான். இன்றைய மதுரையில் இந்த வரிசையை மாற்றாமலேயே நடக்க முடிகிறது. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள். அங்கிருந்து தெற்கு மாசி வீதிக்கு இறங்கி விளக்குத்தூணை நோக்கி வந்தால் ஜவுளிக்கடைகள். அங்கிருந்து வடக்கே திரும்பினால் கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடைகள். புது மண்டபத்தில் நெடுங்காலம் இருந்த தையற்காரர்களும் பாத்திரக்கடைகளும் புத்தகக்கடைகளும் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதால், மண்டபத்தைச் சிற்பங்களுக்காக மட்டும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நகரலாம்.

ஜவுளித் தெருவில் ஒரு கடையின் முன் நின்று இந்த அடிகளைப் படியுங்கள்:

நூலினும் மயிரினும் நுழைநூற் பட்டினும்
பால்வகை தெரியாப் பன்னூ றடுக்கத்து
நறுமடி செறிந்த அறுவை வீதியும்

பருத்தி, மயிர், பட்டு ஆகியவற்றால் நெய்த மடிகள் வகை பிரித்தறிய முடியாதபடி நூற்றுக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்கிறது பாடல். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கூரை வரை மடித்து அடுக்கிய வேட்டிகளும் சேலைகளும் கண்முன் இருக்கும். கடைக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணாச்சி, அஞ்சு நிமிஷம் நின்னு ஒரு பாட்டுப் படிச்சுக்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்; சிலர் தாளை வாங்கிப் பார்ப்பதும் உண்டு.

கீழமாசி வீதியில் படிக்க வேண்டியது "கருங்கறி மூடையொடு கூலம் குவித்த கூல வீதி" என்ற பகுதி. கருங்கறி என்பது மிளகு. அங்கே குவிந்திருக்கும் வற்றல் மிளகாய் மூட்டைகளை இளங்கோவடிகள் கண்டிருக்க முடியாது. மிளகாய் பல நூற்றாண்டுகளுக்குப் பின் அயல்நாட்டிலிருந்து வந்தது. மிளகு மூட்டையை அவர் அறிந்திருந்தார். இத்தகைய சிறு வேறுபாடுகளைக் குழுவினரே கண்டுபிடிக்க விட்டால் நடை உயிர்பெறும். பெரிய கொடிச்சீலைகள் பந்தலாகி வெயிலைத் தடுக்க, அந்த நிழலில் கோவலன் ஊரைக் கண்டு மகிழ்ந்து திரும்பினான் என்று காதை முடிகிறது. நடுப்பகல் வெயில் ஏறுவதற்குள் நீங்களும் நடையை நிறுத்திக்கொள்ளுங்கள். மாலை வரை ஓய்வு அவசியம்.

மாலை: சிம்மக்கல், தமிழ்ச் சங்கம், வடக்கு வெளி வீதி

கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையைத் திருமலை நாயக்கர் மகாலில் வைத்துச் சொல்வது சில வழிகாட்டிகளின் வழக்கம். அது பதினேழாம் நூற்றாண்டு அரண்மனை. கேட்பவர்கள் மனத்தில் தவறான ஒரு படம் பதிந்துவிடும். அதைத் தவிர்த்து, காலையில் கடந்துவந்த செல்லத்தம்மன் கோயிலுக்கு மாலை நான்கரை மணிக்கு மேல் வாருங்கள். அங்கே கண்ணகிக்குச் சிலை உண்டு. "தேரா மன்னா செப்புவ துடையேன்" என்று தொடங்கி, "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் வீழ்வது வரை அந்த முன்றிலில் படிக்கலாம். காலையில் கொடிகள் தடுத்ததையும், பகலில் கோவலன் மகிழ்ந்து திரும்பியதையும் கேட்டவர்களுக்கு இந்த வரிசை தரும் வலி மிகப் பெரிது. வழிபடும் இடம் என்பதால் தாழ்ந்த குரலில், பூசைக்கு இடையூறின்றிப் படிக்க வேண்டும்.

அங்கிருந்து நடந்து போகும் தொலைவில், தமிழ்ச் சங்கம் சாலையில், 1901 செப்டம்பர் 14 அன்று பாண்டித்துரைத் தேவர் முயற்சியால் தோன்றிய நான்காம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அழியும் நிலையிலிருந்த ஏடுகளைத் திரட்டியதும், 1902 முதல் செந்தமிழ் இதழ் வழியாகப் பல பழைய நூல்களை அச்சேற்றியதும் இதன் பெரும்பணிகள். காலை முதல் நாம் படித்த பாடல்கள் நமக்குக் கிடைத்ததற்கு இத்தகையவர்களின் உழைப்பே காரணம் என்பதால், இங்கே நன்றியோடு நிற்க வேண்டும். அடுத்து வடக்கு வெளி வீதியிலுள்ள சேதுபதி பள்ளி. 1904 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பாரதியார் இங்கே தமிழாசிரியராகப் பணியாற்றினார். அச்சில் வந்த அவருடைய முதற்பாடலாகிய தனிமை இரக்கம், அதே ஆண்டு ஜூலையில் மதுரையிலிருந்து வெளிவந்த விவேகபாநு இதழில் வந்தது. பள்ளி நேரத்தில் உள்ளே செல்ல முன் அனுமதி வேண்டும்.

இரவு: மதுரைக்காஞ்சியின் யாமங்கள்

இரவு ஒன்பது மணிக்கு மேல் மீண்டும் மாசி வீதிகளுக்கு வாருங்கள். மதுரையைத் தூங்கா நகரம் என்கிறார்கள். மருதனாரோ அது தூங்கும் விதத்தையும் பாடியிருக்கிறார். முதல் யாமம் கழிந்தபின் சங்குகள் ஒலி அடங்குகின்றன, கடைகளை அடைக்கிறார்கள், தின்பண்டம் விற்பவர்கள் சரக்கை முன்னால் வைத்தபடியே உறங்கி வழிகிறார்கள்.

நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை

இறால் என்றால் தேனடை. வரிவரியாகக் கண்கள் திறந்த தேனடையைப் போன்ற மெல்லிய அடை. அதனோடு பூரணம் வைத்துப் பிடித்த மோதகம். பருத்திப்பால் வண்டிக்கு அருகிலோ, இட்லிக்கடை ஆவியின் முன்னிலோ நின்று இதைப் படித்துவிட்டு, அங்கேயே உண்ணுங்கள். விழாக்களில் ஆடிய கூத்தர்களும் துயில, ஒலி அடங்கிய கடலைப் போல ஊர் அடங்குகிறது. அதன்பின் கள்வரும், அவர்களைப் பிடிக்கக் காத்திருக்கும் ஊர்க்காவலரும் வருகிறார்கள். அந்தப் பகுதியை நடையின் கடைசி வாசிப்பாக வைத்துக்கொள்ளலாம். மூத்தவர்களும் தனியாக வந்த பெண்களும் தங்குமிடம் திரும்ப வாகன ஏற்பாட்டை முன்பே செய்துவிடுங்கள்.

மறுநாள் காலை: திருப்பரங்குன்றம்

நகரிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பரங்குன்றத்துக்குப் பேருந்திலேயே போகலாம். பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் மதுரை மக்கள் அணியணியாக இந்த வழியில் நடந்து செல்கிறார்கள். பாண்டியனும் சுற்றத்தோடு குன்றை வலம் வருகிறான். நப்பண்ணனார் பாடிய இப்பாடலில் நமக்கென்றே எழுதியது போன்ற ஓர் இடம் உண்டு. குன்றத்தில் ஓவியங்கள் தீட்டிய எழுத்துநிலை மண்டபம் ஒன்றிருந்தது. அதைக் காண வந்தவர்களுள் சிலர் ஓவியத்தைச் சுட்டிக்காட்டி இவள் யார், இவன் யார் என்று கேட்கிறார்கள்; உடன் வந்தவர்கள் இவள் இரதி, இவன் காமன் என்று விடை சொல்கிறார்கள். வேறு சிலர் பூனையாய் நிற்கும் இந்திரனையும், அகலிகையையும், கோதமன் சினத்தால் அவள் கல்லானதையும் விளக்குகிறார்கள்.

துன்னுநர் சுட்டவும் சுட்டறி வுறுத்தவும்

நெருங்கி வருகிறவர்கள் சுட்டிக் கேட்க, அறிந்தவர்கள் சுட்டி அறிவுறுத்துகிறார்கள். நாம் மேற்கொண்டிருக்கும் வழிகாட்டி நடையின் பழந்தமிழ்க் காட்சி இது. இந்தப் பகுதியைக் குழுவில் இருவர் வினாவும் விடையுமாகப் பங்கிட்டுப் படித்தால் மிக அழகாக அமையும். அதே பாடலில், சுற்றத்தாரைப் பிரிந்து பாறைகளுக்கிடையே வழி தவறிய ஒரு சிறுமி அவர்களைக் கூவி அழைக்கிறாள். குகை அந்தக் குரலை வாங்கித் திருப்பிக் கூவ, தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணி அந்தப் பக்கமே ஓடுகிறாள். குழந்தைகளோடு வந்தவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

குன்றின் மேலுள்ள குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. அவற்றைக் காண விரும்புகிறவர்கள் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவரோடு, வெயில் ஏறுமுன் மேலே சென்றுவர வேண்டும். இன்னும் நேரமிருந்தால், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிற்பகலில் போகலாம். விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொண்டு, அங்கும் பாட்டுத்தாளைக் கையில் வைத்திருங்கள். மணிகளும் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் இருக்கும் கண்ணாடிப் பேழைகளின் முன் நாளங்காடிப் பகுதியை மறுபடி படிக்க அது பயன்படும்.